கடைசிக் கேள்வி வரும் இடம்

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் கரையோரத்தில் வீட்டுக்குள் இருந்தபடி வியாபாரம் செய்யும் பெண்களை எண்ணி முடியாது. ஹபாயா தைக்கிறவர்கள், கேக் செய்கிறவர்கள், மருதோன்றிக் கூம்பு சுற்றி விற்கிறவர்கள், தொதல் கிண்டிப் பொதி கட்டுகிறவர்கள், என்னைப் போல் கைத்தறித் துணி விற்கிறவர்கள். புதிதாகத் தொடங்கும் தங்கச்சிமார் என்னிடம் வந்து முதலில் கேட்பது ஒன்றுதான்: "ராத்தா, பேஸ்புக்ல போடுறதா, டிக்டொக்ல போடுறதா, இன்ஸ்டாவா, வட்ஸ்அப் மட்டும் காணுமா?"

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். காசை எடுத்துத் தருவதற்கு முன் வாங்குகிறவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். அதை எங்கே வைத்துக் கேட்கிறார் என்று பாருங்கள். அந்த இடம்தான் உங்கள் கடை. மற்றத் தளங்கள் எல்லாம் அந்தக் கடைக்கு ஆளைக் கூட்டிவரும் தெருக்கள். தெருவும் வேண்டும், ஆனால் எது தெரு, எது கடை என்று தெரிந்தால்தான் உங்கள் நேரத்தையும் டேட்டாவையும் எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கலாம்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் சாறன் வாங்க வந்தவர்கள். கூடவே, எங்கள் மாவட்டத்தில் சமூக ஊடகம் வைத்த தீயும் கற்றுத் தந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கிறது. இலங்கையில் கைத்தறிச் சாறன் என்றால் இந்த ஊரின் பெயரும் சேர்ந்து வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது இந்த நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். எங்கள் கரையில் ஆட்களோடு தறியும் போனது, பாவும் நூலும் போனது. அதன் பிறகும் தறிகளை மறுபடி நிறுத்தி நெய்த ஊர் இது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாப்பா நெய்தார், உம்மா நூல் சுற்றினார், வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துப்போனார். அவர் கொழும்புக்குக் கொண்டுபோய் யாருக்கு, என்ன விலைக்கு விற்றார் என்று எங்களுக்குத் தெரியாது. உடுத்தவருக்கும் எங்களைத் தெரியாது. நெய்தவரும் உடுத்தவரும் ஒரு சொல் கதைக்க முடிந்தது பேஸ்புக் வந்த பிறகுதான்.

பேஸ்புக்கில் முதலில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கத்தாரிலும் சவூதியிலும் துபாயிலும் வேலை செய்யும் எங்கள் ஊர் ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஊர்ச் செய்தி, ஜனாஸா அறிவித்தல், பள்ளிவாசல் கட்டட வேலை, பாடசாலைப் பையன்களின் கிரிக்கெட் எல்லாவற்றையும் அதில்தான் பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் ஊர்ச் சாறன் பட்டால் மனம் இளகும் என்று நினைத்தேன். அது சரியாகவே இருந்தது. ஆனால் விற்பனை நடந்த விதம் நான் எதிர்பார்க்காதது.

ஒரு நோன்பு காலம். துபாயில் இருக்கும் ஒரு தம்பி, ஊதாக் கட்டம் போட்ட சாறனின் படத்துக்குக் கீழே "மாஷா அல்லாஹ்" என்று எழுதினார். விலை கேட்கவில்லை, வேறு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்தப் படத்தை அப்படியே நிந்தவூரிலுள்ள மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு எடுபடாது என்பதால் அந்த வீட்டில் இரவுக் கதை எல்லாம் வேறொரு செயலியில்தான். மனைவி தன் மச்சியிடம் விசாரித்து என் இலக்கத்தை வாங்கி, வட்ஸ்அப்பில் குரலில் கேட்டார்: "ராத்தா, இது சாயம் போகுமா? இவர் வெள்ளைச் சேட்டோட உடுக்கிறவர்." அடுத்து, "சுத்துக் காணுமா? ஆள் கொஞ்சம் பெரிய ஆள்." கடைசியாக, "பெருநாளைக்கு முந்தி கைக்கு வருமா? அப்ப மாமாவுக்கும் ஒண்டு எடுப்பம்." பிறகு பேங்கில் காசு போட்டு, சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பினார்.

பேஸ்புக் காட்டும் கணக்கைப் பார்த்தால் அந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒரு "மாஷா அல்லாஹ்" மட்டும். உண்மையில் அது இரண்டு சாறன் விற்றது. பார்த்தவர் ஒரு நாட்டில், தீர்மானித்தவர் இன்னொரு ஊரில், கேள்வி வந்தது மூன்றாவது இடத்தில். எங்கள் கரையோரத்து வீடுகளில் பாதி வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. உழைப்பவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். வீட்டுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது இங்கே இருக்கும் பெண். அந்தப் பெண்ணுக்குப் பேஸ்புக்கில் சொந்தப் பெயரில் கணக்கு இருக்காது. இருந்தாலும் பூப் படமோ பிள்ளையின் படமோ போட்டு வைத்திருப்பார். பலர் பார்க்கும் இடத்தில் "சுத்துக் காணுமா" என்று எழுதமாட்டார். குரலில் கேட்பார், தனியாகக் கேட்பார், தன்னைப் போன்ற ஒரு பெண்ணிடம் கேட்பார்.

இதை விளங்கிக்கொண்ட பிறகு வட்ஸ்அப்தான் என் கடை என்று முடிவெடுத்தேன். சிறு வியாபாரிகளுக்கென்று வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. அடுத்த ஆண்டு அதில் சாமான் பட்டியல் போடும் வசதியும் வந்தது. துணியின் படம், விலை, அளவு எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் நம் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச்சேரும். முதலில் இது தொல்லையாகத் தெரியும். யோசித்தால் அதுதான் அளவுகோல். ஒரு பெண் தன் போனில் என் இலக்கத்தை "மருதமுனை சாறன் ராத்தா" என்று பதிந்து வைத்தால், அடுத்த பெருநாளைக்கும் என்னிடம் வர மனம் இருக்கிறது என்று பொருள். பேஸ்புக்கில் ஒரு விருப்பக்குறி போட விரல் அசைந்தால் போதும். இலக்கத்தைப் பெயரோடு சேமிக்க நம்பிக்கை வேண்டும். அதனால் சாறனை மடித்துப் பொதி செய்யும்போதெல்லாம் உள்ளே ஒரு துண்டுக் கடதாசியில், இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், சாயத்தில் ஏதும் பிழை என்றால் இதில் சொல்லுங்கள் என்று எழுதி வைப்பேன்.

இனிச் சொல்வது சொல்லக் கடினமானது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கிளப்பினார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் சுற்றி நின்ற கூட்டத்துக்கு முன்னால் பயத்தில் தலையாட்டிய வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்த உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரியவந்தது. அதற்குள் கண்டி மாவட்டத்தில் திகன என்ற ஊர் வன்முறையில் பற்றி எரிந்துவிட்டது. மார்ச் 7 அன்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகுதான் திரும்ப வந்தன. தன் தளம் தவறாகப் பாவிக்கப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் தாக்குதல் நடத்திய கூட்டம் ஒளிந்திருந்த வீட்டில் குண்டு வெடித்தது, குழந்தைகளும் இறந்தார்கள். அந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது மக்களே. ஆனாலும் அதன் பிறகு வந்த வாரங்களில் முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பதிவுகள் நாடு முழுக்க ஓடின. ஏப்ரல் முடியும்வரை சமூக ஊடகம் இல்லை. மே 13 அன்று வடமேல் மாகாணத்தில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது மறுபடியும் நிறுத்தினார்கள்.

அந்த நாட்களில் எங்கள் பேஸ்புக் பக்கத்தின் பெயரை மாற்ற நினைத்தேன். "மருதமுனை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்த ஊர், எந்தச் சமூகம் என்று தெரியாத ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றியது. இதை அப்போது வாப்பாவைத் தவிர வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயரைக்கூடத் தெரிவு செய்து வைத்திருந்தேன். என் முகத்தை எந்தப் படத்திலும் காட்டாததற்கு மார்க்கம்தான் காரணம் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். மார்க்கமும் காரணம்தான், அந்த ஆண்டில் பயமும் காரணமாக இருந்தது. கொமென்ட் பகுதியில் யார் என்ன எழுதுவார்கள், அதை யார் படம் பிடித்து எங்கே கொண்டுபோவார்கள் என்று ஒவ்வொரு பதிவுக்கும் பயந்தேன்.

வாப்பாவிடம் பெயர் மாற்றத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஊர்ப் பேர எடுத்தா இந்தச் சாறன்ல மிச்சம் என்ன இருக்கு மகள்? நூல் இந்தியாவிலயிருந்து வருது. சாயமும் வெளிலயிருந்துதான் வருது. நம்மட எண்டு இருக்கிறது இந்த ஊரும் நம்மட கையும்தான்."

பெயர் மாறவில்லை. ஆனால் தளங்களைப் பார்க்கும் கண் மாறியது. ஒரு தளத்தைத் தெரிவு செய்யும்போது எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டால் போதும் என்று ஊர்களில் வந்து வகுப்பு எடுப்பவர்கள் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய சமூகத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. யாரும் வந்து எதையும் எழுதிவிட்டுப் போகக்கூடிய திறந்த இடம் எது, நான் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கக்கூடிய இடம் எது? பேஸ்புக்கில் அன்று முதல் துணியும் விலையும் மட்டும்தான். வேண்டாத கொமென்டைக் கண்டவுடன் மறைத்துவிடுவேன். கதை எல்லாம் வட்ஸ்அப்பில்.

வட்ஸ்அப்பும் நிலையானதல்ல என்று அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டின. பிறகு 2021 ஒக்டோபர் 4 அன்று பேஸ்புக் நிறுவனத்தின் கோளாறால் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செத்துக் கிடந்தன. மூன்றும் ஒரே வீட்டுச் சாமான்கள். ஒன்று விழுந்தால் மூன்றும் விழும். 2022 ஏப்ரல் 3 அன்று ஊரடங்கோடு சமூக ஊடகமும் நின்றது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. வாங்கியவரின் பெயர், இலக்கம், ஊர், இடுப்பு அளவு, பிடித்த நிறம், கடைசியாக எப்போது எடுத்தார் என்று பேனையால் எழுதி வைத்திருக்கிறோம். தடை வந்த நாட்களில் அந்தக் கொப்பியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்தேன். சாதாரணத் தொலைபேசி அழைப்பை யாரும் நிறுத்தவில்லை. அப்படிக் கதைத்தவர்களில் சிலர் சாறனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நீங்க பத்திரமா ராத்தா?" என்று கேட்டார்கள். பாண்டிருப்பிலிருந்து திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு ஒவ்வொரு ஆண்டும் என்னிடம் சாரி எடுக்கும் அக்காவும் அவர்களில் ஒருவர். சந்தேகம் ஊதி வளர்க்கப்பட்ட காலத்தில் வியாபாரம் இரண்டு சமூகத்தைக் கதைக்க வைத்தது. அதை நான் லேசாக எண்ணமாட்டேன்.

இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அவை அறியாத ஆளைக் கூட்டிவரும். எங்கள் வீட்டுத் தறியின் சத்தத்தோடு, நெய்கிற கை மட்டும் தெரியும்படி என் மருமகன் ஒரு சிறு வீடியோ எடுத்துப் போட்டான். பேஸ்புக்கில் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்களை விடப் பல மடங்கு பேர் டிக்டொக்கில் பார்த்தார்கள். டிக்டொக் உங்களைத் தெரிந்தவருக்குத்தான் காட்ட வேண்டும் என்று நிற்பதில்லை. யார் எதைக் கடைசிவரை பார்த்தார் என்று கவனித்து, அது போன்றதை அவருக்குக் கொடுக்கும். இந்தியா 2020 ஜூன் 29 அன்று டிக்டொக்கைத் தடைசெய்துவிட்டதால் தமிழ்நாட்டுக்காரர் எங்களைப் பார்ப்பது இன்ஸ்டகிராமில். "எந்த ஊர் அண்ணா இது?" என்று கேட்பார்கள். அவர்கள் வாங்கமாட்டார்கள், தபால் செலவு சாறன் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அன்பை ஏற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.

ஆனால் அதே இன்ஸ்டகிராம் வழியாகக் குருநாகலிலிருந்து ஒரு சிங்களச் சகோதரி வந்தார். வீட்டு அலங்காரத் துணி தைத்து விற்பவர். மெத்தை உறைக்கு எங்கள் துணி வேண்டும் என்று சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கேட்டார். மருமகன் பதில் எழுதிக்கொடுத்தான். அவருடைய கடைசிக் கேள்வி, "நீங்கள்தான் நெய்கிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா?" என்பது. அதற்கு வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் தறியையே காட்டினோம். வாப்பாவும் அவரும் ஒருவருக்கொருவர் மொழி விளங்காமல் சிரித்துக்கொண்டார்கள். 2019இல் நான் எடுத்துவிட நினைத்த ஊர்ப் பெயரைத் தேடித்தான் அவர் வந்திருந்தார்.

துணியில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. படம் நிறத்தைப் பொய் சொல்லும். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் அரக்கு சிவப்பாகத் தெரியும், கடும் நீலம் கறுப்பாகிவிடும். காலை வெயில் நேராக விழாத விறாந்தையில் எடுத்தால்தான் நிறம் அப்படியே வரும். அதோடு எங்கள் படங்களை எடுத்துப் போட்டு, இயந்திரத்தில் நெய்த துணியை மருதமுனைக் கைத்தறி என்று விற்ற ஓர் இடமும் உண்டு. அவர்களோடு பொதுவில் சண்டை பிடித்தால் பார்ப்பவருக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் வேறு வழி எடுத்தேன். வாங்குகிறவர் கேட்டால் அவர் பெயரைச் சொல்லி, அந்த நேரமே துணியை விரித்து வீடியோ எடுத்து அனுப்புவேன். துணியின் விளிம்பில் தறி இழுத்துப் பிடித்த ஊசித் துளைகள், நூல் முடிச்சு விழுந்த இடம், எல்லாவற்றையும் கிட்டப் பிடித்துக் காட்டுவேன். அந்த வீடியோவைத் திருடி யாருக்கும் பயனில்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் ஓதிப் படித்திருக்கும். போனுக்குள் நடக்கும் வியாபாரத்தில் வாங்குகிறவரால் கையை விட்டுப் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாக நாம்தான் ஈரத்தை மேலே எடுத்து வைக்க வேண்டும். நிறம் ஒரு கழுவலுக்கு இலேசாக இறங்கும் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். விலையை மறைத்து "இன்பொக்ஸ் வாங்க" என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. கேட்கும் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தை அது வளர்க்கிறது.

காசு கொடுத்து பூஸ்ட் செய்வதைப் பற்றி ஒரு சொல். அந்தக் கட்டணத்தின் அடிப்படை டொலர். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவுக்குப் பக்கத்தில் இருந்த டொலர் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதே விளம்பரத்துக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் செலவு. அதே நேரத்தில் நூல் விலையும் ஏறியது. அப்போது நான் பூஸ்ட் செய்வதை நிறுத்தி, அந்தக் காசுக்கு நூல் வாங்கினேன். இன்றும் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மட்டும், எங்கள் கரையோர ஊர்களுக்கும் வளைகுடாவுக்கும் என்று வரையறுத்துத்தான் செய்வேன்.

ஆகவே, தொடங்கப் போகும் தங்கச்சிமாரே, தளத்தைத் தெரிவு செய்யும் முன் உங்களிடம் ஏற்கெனவே வாங்கிய சிலரிடம் கேளுங்கள்: என்னை முதலில் எங்கே பார்த்தீர்கள், வாங்கலாம் என்று எங்கே தீர்மானித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள்? கேக் செய்பவருக்கு வரும் பதில் வேறாக இருக்கும். அவருடைய வாடிக்கையாளர் நாளை மறுநாள் பிறந்தநாளுக்குக் கேட்கும் கல்முனைக்குடிப் பெண். அவருக்கு வட்ஸ்அப் ஸ்டேட்டஸே போதும். ஹபாயா தைப்பவருக்கு உடுப்பு விழும் அழகைக் காட்ட வீடியோ வேண்டும், இன்ஸ்டகிராம் உதவும். தொதல் விற்பவருக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள்தான் ஆட்கள். அவர்கள் பேஸ்புக்கில் இருக்கிறார்கள். ஆட்களைக் கூட்டிவர ஒரு தளம், கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தளம், எழுதிவைக்க ஒரு கொப்பி. இவற்றைச் சரியாக நடத்த முடிந்த பிறகு மூன்றாவது தளத்தைத் தொடங்குங்கள். அதுவரை, இரவில் போனைக் கீழே வைக்கும் முன் அன்று வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போயிருக்கிறதா என்று பாருங்கள். கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்ல நேரமில்லாத அளவுக்குப் புதிய ஆட்களைத் தேடாதீர்கள்.